விழப்போகிற பல்லுக்கு ஏன் இத்தனை பாடு?

கேள்வி:

பேரனுக்கு எட்டரை வயது. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருப்பதால் பிள்ளைகள் இரண்டும் கானாடுகாத்தானில் என்னோடு இருக்கிறார்கள். பேரனுக்கு மேல் வரிசையில் வலது பக்கக் கடைசிப் பால் பல் சொத்தையாகி, ஈறில் கொப்புளம் வந்து, அமுக்கினால் சீழ் வருகிறது. காரைக்குடியில் ஒரு டாக்டர் பல்லை எடுத்துவிட்டுக் கம்பி வளையம் மாட்டச் சொல்கிறார். இன்னொருவர் வேர் சிகிச்சை செய்து கேப் போடலாம் என்கிறார். 'விழப்போகிற பல்லுக்கு எதற்குச் செலவு, தானாக விழட்டும்' என்கிறார்கள் வீட்டில். எக்ஸ்ரே படம் அனுப்பியிருக்கிறேன்.

பேத்திக்குப் பதினொரு வயது. நாலு வயதில் அவளுக்கும் இடது மேல் பக்கம் ஒரு பால் பல் வீங்கி எடுத்தோம். அந்த இடத்தில் போன மாதம்தான் புதுப் பல் எட்டிப் பார்த்தது. வரும்போதே கன்னப் பக்கம் பழுப்புத் திட்டும் சொரசொரப்புமாக வருகிறது. வலது பக்கம் அதே பல் வந்து ஒரு வருடம் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் நடுவிலிருந்து முன்பக்கமாக ஒரு கோடு ஓடுகிறதே, அது சொத்தையா? கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்:

ஆச்சி, வீட்டில் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பல் விழத்தான் போகிறது. ஆனால் அது தானாக விழ வேண்டிய வயது பத்திலிருந்து பன்னிரண்டு. பேரனுக்கு இன்னும் ஒன்றரை வருடமாவது இருக்கிறது, கூடவும் ஆகலாம். அதுவரை அந்தப் பால் பல்லுக்கு ஒரு வேலை உண்டு. தனக்கு மேலே எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு டாக்டர்களும் சொன்னதில் எது சரி என்பதை அந்த மேலே இருக்கிற பல்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் பல் எது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். பேரனைச் சாய்த்து உட்கார வைத்து, டார்ச் அடித்து, மேல் வரிசையின் நடுவிலிருந்து வலது பக்கமாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு வெட்டுப் பற்கள். இவை புதிதாக முளைத்த நிரந்தரப் பற்களாக இருக்கும். மூன்று கோரைப் பல். நாலும் ஐந்தும் பால் கடைவாய்ப் பற்கள். ஆறாவதாக ஒன்று பெரிதாக நிற்கும். அது பால் பல் இல்லை. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமல் ஐந்தாவதற்குப் பின்னால் சத்தமில்லாமல் வருவதால், அதையும் பால் பல் என்று நினைத்து 'விழுந்துவிடும்' என்று விட்டுவிடுகிற வீடுகள் நிறைய. பேரனுடைய சொத்தைப் பல் ஐந்தாவது. டாக்டர் சீட்டில் 55 என்று எழுதியிருப்பார். முதல் எண் 5 என்றால் மேல் வலது பக்கப் பால் பற்கள், இரண்டாவது எண் நடுவிலிருந்து எத்தனையாவது என்பது. அதே இடத்துக்கு வரப்போகும் நிரந்தரப் பல்லின் எண் 15. சீட்டில் 15 அல்லது 16 என்று இருந்தால், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

இந்த 15, அதற்கு முன்னால் வரும் 14, இடது பக்கம் 24, 25 ஆகிய நாலும்தான் மேல் முன்கடைவாய்ப் பற்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பல் சூத்திரம் 2123 என்று இருக்கும்: தாடையின் ஒரு பக்கத்தில் வெட்டுப் பல் 2, கோரைப் பல் 1, முன்கடைவாய்ப் பல் 2, கடைவாய்ப் பல் 3. அதே சூத்திரத்தைப் பால் பற்களுக்கு எழுதினால் 2102. அந்தப் பூஜ்யம்தான் முன்கடைவாய்ப் பல். குழந்தையின் வாயில் அப்படி ஒரு வகைப் பல்லே கிடையாது. பால் கடைவாய்ப் பற்கள் விழுந்த இடத்தில், அவற்றைப் போல இல்லாத வேறு சாயலில், அவற்றைவிடச் சிறியதாக இவை வருகின்றன. 'பெரிய பல் விழுந்து சின்னப் பல் வருகிறதே' என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற ஒன்றுமில்லை, அதுதான் முறை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். மேல் வரிசையில் ஒரு பக்கத்துப் பால் கோரைப் பல் சராசரியாக 7 மில்லிமீட்டர் அகலம், முதல் பால் கடைவாய்ப் பல் 7.3, இரண்டாவது 8.2. மொத்தம் 22.5. அந்த இடத்துக்கு வரும் நிரந்தரக் கோரைப் பல் 7.5, இரண்டு முன்கடைவாய்ப் பற்களும் தலைக்கு 7. மொத்தம் 21.5. ஆக ஒரு பக்கத்துக்கு இருக்கிற உபரி சுமார் 1 மில்லிமீட்டர், அவ்வளவுதான். கீழ் வரிசையில் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும். மேலே விளையாட இடமே இல்லை.

இனி எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முன்கடைவாய்ப் பல்லின் மொட்டு, பால் பல் மொட்டுக்கு அண்ணப் பக்கமாகக் கிளைத்துத் தொடங்குகிறது. பால் பல் வாய்க்குள் இறங்க இறங்க, அந்த மொட்டு அதன் வேர்களுக்கு நடுவே வந்து தங்கிவிடும். மேல் பால் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. மூன்றும் முக்காலியின் கால்கள் மாதிரி விரிந்து நிற்கும். நிரந்தரப் பல் குடியிருப்பது அந்தக் கால்களின் நடுவில். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகும்போதே முதல் முன்கடைவாய்ப் பல்லில் எனாமல் படியத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவதில் இரண்டு, இரண்டேகால் வயதில். தலைப்பகுதி முழுதாக உருவாகி முடிவது முதலாவதில் ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள், இரண்டாவதில் ஆறிலிருந்து ஏழுக்குள். அதற்குப் பிறகுதான் வேர் வளர்கிறது. வேர் பாதிக்கு மேல் வளர்ந்தபின் பல் வேகமாக நகரும். முக்கால்வாசி ஆகும்போது ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைகாட்டும். முதலாவது பத்து, பதினொரு வயதில், இரண்டாவது பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். வேர் நுனி மூடிக்கொள்ள அதன் பிறகும் இரண்டு மூன்று வருடம் ஆகும். நாம் சிரிப்பில் பார்க்கிற நாளுக்கு எட்டு வருடம் முன்பே அந்தப் பல்லின் வேலை தொடங்கிவிடுகிறது.

பால் பல்லின் சொத்தை உள்கூழ் வரை, அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்சதை வரை, போனால் சீழ் எங்கே சேர்கிறது என்பது இங்கே முக்கியம். பெரியவர்கள் பல்லில் பெரும்பாலும் வேர் நுனியில் சேரும். பால் கடைவாய்ப் பல்லில் கூழறையின் தளம் மெல்லியது, நுண்ணிய துளைகள் நிறைந்தது. அதனால் சீழ் வேர்கள் பிரிகிற கவட்டில் சேர்கிறது. அதாவது நிரந்தரப் பல் குடியிருக்கும் இடத்தின் வாசலில். ஈறில் கொப்புளம் வந்து, அமுக்கினால் வழிகிறது என்று நீங்கள் எழுதியது அந்தக் கவட்டிலிருந்து வருவதுதான். வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. சீழுக்கு வழி கிடைத்ததால் அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேல் தாடைப் படத்தில் ஒரு ஏமாற்று உண்டு. அண்ணப் பக்க வேரின் நிழல், நிரந்தரப் பல்லின் தலைமீதே படுத்திருப்பது போலத் தெரியும். அதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, பால் பல்லின் வேர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது. பேரனுக்குக் கன்னப் பக்கத்துப் பின்வேர் பாதிக்குமேல் கரைந்திருக்கிறது. இரண்டாவது, கவட்டில் எலும்பு. அங்கே வெள்ளையாக வலைபோலத் தெரிய வேண்டிய இடம் கறுத்துக் கிடக்கிறது. மூன்றாவதுதான் தீர்ப்பு சொல்வது. நிரந்தரப் பல்லின் தலையைச் சுற்றி ஒரு பை இருக்கும்; அந்தப் பையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு முழுதாக இருந்தால் சீழ் இன்னும் அங்கே எட்டவில்லை. பேரனின் படத்தில் அது பின்பக்கம் அறுந்திருக்கிறது.

அதனால் என் கருத்து, பல்லை எடுக்கச் சொன்னவர் பக்கம். வேர் சிகிச்சை சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. வேரில் மூன்றில் இரண்டு பங்கு நிற்க, அந்த வெள்ளைக் கோடும் அறாமல் இருந்திருந்தால், நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். இடத்தைக் காக்க இயற்கையான பல்லைவிட நல்ல கருவி கிடையாது. அப்படிச் செய்யும்போது வேருக்குள் நிரப்பும் மருந்து, வேரோடு சேர்ந்து கரையக்கூடிய பசையாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா கரையாது, வருகிற பல்லுக்குக் குறுக்கே நிற்கும். மேலே எஃகு கேப் போடாமல் விட்டால் பல் சீக்கிரம் உடைந்துபோகும். பேரனுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. சீழ் அந்தப் பையைத் தொட்டபின்னும் பால் பல்லை வைத்திருந்தால், உள்ளே இருக்கிற பல் தள்ளப்பட்டுத் திசை மாறலாம், அதைச் சுற்றி நீர்க்கட்டி வளரலாம்.

எடுக்கும் முறையில் ஒரு நுட்பம். மிஞ்சிய வேர்கள் உள்பக்கமாக வளைந்து நிரந்தரப் பல்லின் தலையைக் கவ்விக்கொண்டிருந்தால், பால் பல்லை முழுதாக இழுக்கும்போது உள்ளே இருக்கும் மொட்டும் கூடவே வந்துவிடும் அபாயம் உண்டு. அப்படித் தெரிந்தால் பல்லை இரண்டு மூன்று துண்டாக அறுத்து, வேர் வேராக எடுப்பார்கள். குழியை ஆழமாகச் சுரண்டக் கூடாது. சின்னதாக வேர் நுனி ஒன்று உடைந்து உள்ளே நின்றால், அதைத் துருவித் தேடுவதைவிட விட்டுவிடுவது மேல். பெரும்பாலும் அது கரைந்துவிடும், அல்லது ஈறு வழியாக வெளியே வந்துவிடும். 'துண்டு உள்ளே இருக்கிறது' என்று டாக்டர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்த பல்லைப் பழைய வழக்கப்படி வளவு ஓட்டின்மேல் எறிவதா என்பது உங்களுக்கும் பேரனுக்கும் இடையில்.

இப்போது அந்தக் கம்பி வளையம். பல்லை எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் என்ன என்று கேட்பீர்கள். பின்னால் நிற்கிற ஆறாவது பல், 16, முன்னால் நகரும். மேல் தாடையில் அது நேராக மட்டும் நகராது. அண்ணப் பக்கத்து வேரை அச்சாக வைத்துக் கதவு திரும்புவது போலத் திரும்பி, கன்னப் பக்க மூலை முன்னால் வரும். இந்த நகர்வில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. உபரி 1 மில்லிமீட்டர் என்று பார்த்தோம். அது போய், மேலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போனால், 7 மில்லிமீட்டர் பல் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் எப்படி இறங்கும்? இறங்காது. ஒன்று எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது தான் கிளம்பிய அண்ணப் பக்கமாகவே வெளியே வந்து இரட்டை வரிசையாக நிற்கும். பிறகு பதினான்கு வயதில் கம்பி கட்டி அந்த 16ஐப் பின்னால் தள்ள ஆகும் காலமும் செலவும் இந்த வளையத்தைப் போலப் பல மடங்கு.

எலும்பு நன்றாக இருக்கிற இடத்தில் முன்கடைவாய்ப் பல் 1 மில்லிமீட்டர் எலும்பைக் கடக்க நாலிலிருந்து ஐந்து மாதம் ஆகும் என்பது நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மேலே 4 மில்லிமீட்டர் எலும்பு மூடியிருந்தால் ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். பேரனின் பல்லுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. சீழ் எலும்பைத் தின்றிருப்பதால் பல் அவசரப்பட்டுச் சீக்கிரம் இறங்கலாம். வேர் கால்வாசிதான் வளர்ந்திருக்கிறது என்பதால், அப்படி வந்தால் கொஞ்ச நாள் ஆடிக்கொண்டிருக்கும். அல்லது பல் எடுத்த குழி ஆறி, எலும்பு மூடிக்கொண்டு, பல் தாமதமாகலாம். எது நடக்கும் என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் இடத்தைக் காப்பது அவசியம்.

வளையம் என்பது இதுதான். 16ஆம் பல்லைச் சுற்றி ஒரு எஃகுப் பட்டை, அதிலிருந்து 0.9 மில்லிமீட்டர் கம்பி முன்னால் நீண்டு, நாலாவது பால் பல்லின் பின்பக்கத்தைத் தொட்டு நிற்கும். பார்க்க வேண்டிய குறிகளைச் சொல்கிறேன். கம்பி ஈறில் அழுந்தக் கூடாது. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும். வளையத்தின் உள் அகலம் கன்னத்திலிருந்து அண்ணத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டராவது இருந்தால்தான் புதுப் பல் அதற்குள் இறங்க முடியும். குறுகலாக வளைத்த கம்பி, வரும் பல்லைத் தடுத்து நிறுத்திவிடும்.

மேல் தாடையில் இந்த வளையத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, பலர் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். பல் வரும் வரிசை 14 முதலில், 15 பிறகு. அப்படியானால் கம்பி சாய்ந்து நிற்கிற அந்த நாலாவது பால் பல், 15 வருவதற்கு முன்பே விழுந்துவிடும். கம்பிக்கு முன்னால் பிடிமானம் இல்லாமல் போகும். எனவே பேரனுக்குப் பத்து வயதை ஒட்டி அந்த நாலாவது பால் பல் ஆடத் தொடங்கியதும், விழும் வரை காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும். அப்போது இரண்டு பக்க ஆறாவது பற்களையும் இணைத்து, அண்ணத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பொத்தான் தாங்கும் கம்பியாக மாற்றிக்கொள்ளலாம். முதலிலேயே அதைப் போட்டுவிடலாமே என்று கேட்டால், போடலாம். ஆனால் பொத்தானுக்கு அடியில் சாப்பாடு தங்கி அண்ணம் புண்ணாகிற பிள்ளைகள் உண்டு. ஒரு பக்கம்தான் பல் போகிறது, எட்டரை வயதுப் பையன், துலக்குவதை ஆச்சிதான் கவனிக்க வேண்டும் என்ற நிலையில், இப்போது சின்ன வளையம் போதும் என்பேன்.

வளையம் பழுதாவது பெரும்பாலும் ஒட்டிய சிமெண்ட் விட்டுப்போவதால். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கம்மர்கட் போன்ற ஒட்டுகிற பண்டங்கள் பட்டையைத் தூக்கிவிடும். சீடையை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். தேன்குழலும் பணியாரமும் சாப்பிடலாம், வாய் கொப்பளித்தால் போதும். மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறை பட்டை ஆடுகிறதா என்று காட்டுங்கள். ஆடுகிற பட்டைக்குள் அழுக்கு சேர்ந்தால், காக்க வந்ததே 16ஐச் சொத்தையாக்கிவிடும்.

பல் எடுக்கும் நாள்வரை: ஆன்டிபயாடிக் டாக்டர் கொடுத்தால் மட்டும். அது வீக்கத்தை அடக்கும், சீழின் மூலத்தை எடுக்காது. 'மாத்திரையில் சரியாகிவிட்டது' என்று விட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். முன்பு யாருக்கோ கொடுத்து மிஞ்சிய டெட்ராசைக்ளின் வகை மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், உருவாகிவரும் பற்களில் கறை ஏற்றிவிடும். வலிக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்தால் தோல் வெந்துபோகும். கன்னத்தில் சூடாக ஒத்தடம் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறி இமை மூடினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே போக வேண்டும், இரவானாலும். காரைக்குடியில் செலவு கட்டுபடியாகாவிட்டால் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பேத்தி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது, மூன்று துப்புகளாக. திட்டு ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம்தான் நாலு வயதில் வீங்கிப் பல் எடுத்தது. அந்தப் பக்கம்தான் பல் ஒரு வருடம் தாமதமாக வந்தது.

மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். முதல் முன்கடைவாய்ப் பல்லின் எனாமல் ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள் உருவாகிறது. அவளுக்கு நாலு வயதில் பால் பல்லின் கவட்டில் சீழ் கட்டியபோது, மேலே எனாமல் படியும் வேலை பாதியில் இருந்தது. சீழ் பட்ட இடத்தில் எனாமல் செய்யும் செல்கள் கெட்டு, அந்த இடம் மட்டும் மெலிந்து, குழி விழுந்து, பழுப்பாகிவிட்டது. இதற்கு டர்னர் பல் என்று பெயர். கால்சியம் குறைவாலோ தண்ணீரில் ஃப்ளோரைடு கூடியதாலோ வந்திருந்தால் அதே வயதில் உருவான வலது பக்கப் பல்லிலும் அதே அடையாளம் இருக்க வேண்டும். இல்லை. தாமதத்துக்கும் அதுவே காரணம். வேர் வளரத் தொடங்குமுன்னே பால் பல் போனதால் எலும்பு கெட்டியாக மூடிக்கொண்டது. பேரனுக்கு இந்தக் கறை வரும் பயம் குறைவு. அவனுடைய பல்லின் தலை ஏழு வயதோடு உருவாகி முடிந்திருக்கும்.

கால்சியம் மாத்திரை இந்தப் பல்லுக்கு ஒன்றும் செய்யாது. எனாமல் செய்யும் செல்கள் பல் வாய்க்கு வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதன் பிறகு உள்ளிருந்து எனாமல் போட ஆளில்லை. செய்ய வேண்டியது வெளியிலிருந்து. சொரசொரப்பான இடத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். கூசுவதால் பிள்ளை அங்கே துலக்காது. துலக்காததால் சொத்தை விழும். மெலிந்த எனாமல் வழியே அது வேகமாக உள்ளே போகும். பாதி முளைத்த பல்லில் ஈறு ஈரமாகச் சுற்றி நிற்பதால் பல் நிறச் சிமெண்ட் ஒழுங்காக ஒட்டாது. எனவே இப்போது ஃப்ளோரைடு பூச்சும், கிளாஸ் அயனோமர் என்ற தற்காலிக மூடலும் போட்டு, பல் முழுதாக இறங்கியபின் அழகான நிரப்பல் செய்துகொள்ளலாம். 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு உள்ள பற்பசை, மென்மையான பிரஷ். திட்டு பழுப்பாக இருக்கிறது என்று யாராவது வேர் சிகிச்சை சொன்னால், உள்கூழ் கெட்டதற்கு என்ன அடையாளம் என்று கேளுங்கள்.

வலது பக்கப் பல்லில் ஓடும் கோடு சொத்தையாக இருக்க வாய்ப்பு குறைவு. அது அந்தப் பல்லின் அடையாளமே. முதல் முன்கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு மேடு; கன்னப் பக்க மேடு அண்ணப் பக்கத்தைவிட ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் உயரம். இரண்டுக்கும் நடுவில் நீளமான ஒரு வாய்க்கால், அது முன்பக்க விளிம்பையும் வெட்டிக்கொண்டு கோரைப் பல்லை நோக்கி இறங்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான். அதே முன்பக்கம், கழுத்துப் பகுதியில் ஒரு குழிவும் உண்டு, வேர்வரை நீளும். பின்னால் வரப்போகும் இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லில் மேடுகள் ஏறக்குறைய சம உயரம், வாய்க்கால் குட்டையாக, சுற்றிலும் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். முன் விளிம்பில் வெட்டும் குழிவும் பெரும்பாலும் இருக்காது. வேரும் வேறு. முதலாவதுக்குப் பெரும்பாலும் கன்னப் பக்கம் ஒன்று, அண்ணப் பக்கம் ஒன்று என இரண்டு மெல்லிய வேர். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் ஒன்றே. கோடு கறுத்து, ஓரம் வெள்ளை மங்கலாக மாறினால் மட்டும் காட்டுங்கள். சுத்தமாக இருந்தால் அந்த வாய்க்காலை அடைக்கும் சீலன்ட் ஒன்று போட்டுவிடலாம், ஊசி தேவையில்லை. அந்தக் கழுத்துக் குழிவில் பல் நூல் தட்டையாக இழுபட்டுப்போகும், உள்ளே தொடாது; பெரியவளானபின் இடைவெளி பிரஷ்தான் அங்கே வேலை செய்யும்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். பேத்திக்கு இன்னும் கோரைப் பற்கள் இறங்கவில்லை என்றால், இடது பக்கம் இடம் போதுமா என்று இப்போதே அளக்கச் சொல்லுங்கள். நாலு வயதில் எடுத்த பல்லுக்கு அன்று யாரும் வளையம் போட்டிருக்க மாட்டார்கள். பின்னால் கம்பி கட்டும் டாக்டர் 'இடம் போதாது, முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டும்' என்று சொல்லும் நிலை வந்தால், இடது பக்கம் இந்தத் திட்டுப் பல்லையே எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பல்லை எடுத்துப் பழுதான பல்லை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அதனால் இப்போது அதற்குப் பெரிய செலவில் கேப் எதுவும் வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அந்த முடிவு தெரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பேரனுக்குப் பல் எடுத்த ஆறாவது மாதம் அடுத்த படம் எடுக்கும்போது, எனக்கு அனுப்பிய இந்தப் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 15 எவ்வளவு இறங்கியிருக்கிறது, அறுந்த வெள்ளைக் கோடு மறுபடி கூடியிருக்கிறதா என்பது டாக்டருக்குத் தெரியும்.